கேஸ் இல்லாத சிறு பிளாட், எந்த மின் ஹீட்டர் போடுவது? (லண்டன், 42 சதுர மீட்டர்)

க்ராய்டன்_3ம்மாடி கேட்டது:

வணக்கம். லண்டன் க்ராய்டனில் ஒரு படுக்கையறை பிளாட், மூன்றாம் மாடி, லீஸ்ஹோல்ட் (நீண்டகாலக் குத்தகை). கட்டடத்துக்கே கேஸ் லைன் கிடையாது. 1980களில் கட்டியது. இரட்டைச் செங்கல் சுவர், நடு இடைவெளியில் இன்சுலேஷன் நிரப்பியிருக்கிறது. ஜன்னல்கள் பழைய டபுள் கிளேசிங். மேலே, கீழே, ஒரு பக்கம் எல்லாம் வீடுகள்.

அளவுகள்: ஹாலும் கிச்சனும் சேர்ந்து 20 சதுர மீட்டர், படுக்கையறை 12, நடை 6, குளியலறை 4. உயரம் 2.4 மீட்டர். வெளிச்சுவர் நீளம் மொத்தம் 15 மீட்டர் (ஹாலில் 8.5, படுக்கையறையில் 6.5). ஜன்னல் ஹாலில் 4.5, படுக்கையறையில் 2.5 சதுர மீட்டர்.

இப்போது இருப்பது: ஹாலிலும் நடையிலும் பழைய ஸ்டோரேஜ் ஹீட்டர் (இரவுக் கரன்டில் உள்ளிருக்கும் கல்லைச் சூடாக்கிப் பகலில் சூடு விடுவது), படுக்கையறையில் பேனல் ஹீட்டர், குளியலறையில் ஒன்றும் இல்லை. அலமாரிக்குள் இரண்டு இம்மர்ஷன் (தண்ணீருக்குள் மூழ்கிய மின்சூடாக்கி) உள்ள வெந்நீர் சிலிண்டர். மீட்டர் எகானமி 7 (இரவு ஏழு மணி நேரம் மலிவு விலை, பகலில் கூடுதல் விலை), ஃபியூஸ் போர்டு இரண்டு.

ஸ்டோரேஜ் ஹீட்டர் காலையில் கொதிக்கிறது, மாலை ஆறு மணிக்கு ஆறிப்போகிறது. ஒரு கம்பெனிக்காரர் வந்து பார்த்துவிட்டு, எல்லாவற்றையும் கழற்றிவிட்டு நான்கு செராமிக் ரேடியேட்டர் போடச் சொல்கிறார். உள்ளே கல் இருப்பதால் 40 சதவீதம் கரன்ட் மிச்சமாம், விலை 4,500 பவுண்டு. இருவர் வசிக்கிறோம், வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்தே வேலை. என்ன செய்யலாம்?

---

குளிர்க்கணக்கு எழுதியது:

முதலில் அந்த 40 சதவீதத்தை ஒதுக்கி வையுங்கள். கம்பிச் சுருளைச் சூடாக்கிச் சூடு தரும் எந்தப் பெட்டியானாலும், ஒரு யூனிட் கரன்ட் உள்ளே போனால் ஒரு யூனிட் சூடுதான் வெளியே வரும். 30 பவுண்டு ஃபேன் ஹீட்டர், எண்ணெய் ரேடியேட்டர், செராமிக், இன்ஃப்ராரெட் பேனல் எல்லாமே இதில் சமம். கல் இருந்தால் அணைத்த பிறகும் கொஞ்ச நேரம் சூடு வரும், உண்மைதான். ஆனால் அந்தக் கல் சூடாகும்வரை ஆரம்பத்தில் அறைக்குச் சூடு தாமதமாக வந்திருக்கும். கடனைத் திருப்பித் தருகிறது, அவ்வளவே.

மிச்சம் எங்கே வரும் என்றால் தெர்மோஸ்டாட்டில். குளிர்காலத்தில் லண்டனில் வெளியே சராசரி 7 டிகிரி, உள்ளே 19 என்று வையுங்கள். வித்தியாசம் 12. ஒரு டிகிரி கூடுதலாக வைத்தால் 12இல் ஒரு பங்கு, அதாவது 8 சதவீதம் அதிகச் செலவு. பழைய திருகு தெர்மோஸ்டாட் இரண்டு டிகிரி மேலும் கீழும் ஆடும். எலக்ட்ரானிக் தெர்மோஸ்டாட்டும் வாராந்திர டைமரும் உள்ள 120 பவுண்டு பேனல் ஹீட்டரே அந்த வேலையைச் செய்துவிடும். 2018 ஜனவரி முதல் விற்பனைக்கு வரும் நிலையான ஹீட்டர்களுக்கு இந்த வகைக் கட்டுப்பாடுகள் விதிமுறையாகவே ஆகிவிட்டன.

இப்போது உங்கள் வீட்டுக்கு எத்தனை வாட் வேண்டும் என்று பார்ப்போம். வெளியே மைனஸ் 2, உள்ளே 21, வித்தியாசம் 23 டிகிரி. நிரப்பிய இடைவெளிச் சுவருக்கு யூ மதிப்பு (ஒரு சதுர மீட்டர் வழியாக, ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு வெளியேறும் வாட்) 0.6, பழைய டபுள் கிளேசிங்குக்கு 2.8, காற்று மணிக்கு ஒரு முறை மாறுகிறது என்று கொள்கிறேன். காற்றுக்கான சூத்திரம்: 0.33 × கன அளவு × மணிக்கு எத்தனை மாற்றம்.

ஹால்: சுவர் 20.4இல் ஜன்னல் போக 15.9 சதுர மீட்டர், × 0.6 = 9.5. ஜன்னல் 4.5 × 2.8 = 12.6. காற்று 0.33 × 48 = 15.8. கூட்டினால் டிகிரிக்கு 38 வாட். 23ஆல் பெருக்கினால் சுமார் 870 வாட்.

படுக்கையறை: 7.9 + 7 + 9.5 = டிகிரிக்கு 24.4 வாட், அதாவது 560 வாட்.

நடையும் குளியலறையும்: வெளிச்சுவரே இல்லை, காற்று மட்டும், 180 வாட்.

மொத்தம் 1,600 வாட் சொச்சம். பக்கத்து வீடு காலியாகக் கிடந்தால் இன்னும் 200 சேருங்கள். ஆறிய அறையைச் சீக்கிரம் சூடேற்ற ஒன்றரை மடங்கு வைத்துக்கொண்டால் ஹாலுக்கு 1,500 வாட், படுக்கையறைக்கு 750 முதல் 1,000 வாட் போதும். நான்கு செராமிக்கும் சேர்ந்து எத்தனை கிலோவாட் என்று அந்த கொட்டேஷனில் பாருங்கள். ஆறு ஏழு என்று போட்டிருந்தால் அளந்து பார்க்காமலே எழுதியது.

கணக்கில் பெரிய தொகை காற்றுதான் என்பதைக் கவனித்தீர்களா? டிகிரிக்கு 70 வாட்டில் 33 அதுவே. வெளிக்கதவின் அடியில் பிரஷ் பட்டை, ஜன்னல் ஓரத்தில் புது ரப்பர், குளியலறை எக்ஸாஸ்ட் குழாயில் பின்வாங்கும் காற்றைத் தடுக்கும் மடல். இவை மூன்றும் சேர்ந்து நூறு பவுண்டுக்குள் முடியும். ஜன்னல் சட்டத்தின் மேலுள்ள காற்றுத் துளையை மட்டும் அடைக்காதீர்கள், பூஞ்சை வரும்.

---

ஃபியூஸ்போர்ட் எழுதியது:

கணக்குச் சரி. ஆனால் கழட்டுறதுக்கு முதல் வயரிங்கைப் பாருங்கோ, பிழை நடக்கிறது அங்கதான்.

உங்கட வீட்டில இரண்டு போர்டு. ஒன்றில் 24 மணி நேரமும் கரன்ட் இருக்கும். மற்றதில் இரவு ஏழு மணித்தியாலம் மட்டும். ஸ்டோரேஜ் ஹீட்டரைக் கழட்டிவிட்டு அதே சுவிட்சில் செராமிக்கைக் கொழுவினால் அது இரவில் மட்டும் வேலை செய்யும், பகலில் பிணம் மாதிரிக் கிடக்கும். அதனால் இரவுப் போர்டை 24 மணி நேர வழிக்கு மாத்த வேணும், மீட்டரை ஒற்றை விலைக்கு மாத்த வேணும். மீட்டர் வேலை கரன்ட் கம்பெனியின்ட பொறுப்பு, போர்டு வேலை எலக்ட்ரீஷியன்ட. இரண்டு பேரையும் ஒரே கிழமைக்குள்ள பிடிக்காட்டில் இடையில் குளிருக்குள்ள இருக்க வேண்டி வரும். கொட்டேஷனில் இது இருக்கோ என்று கேளுங்கோ.

அதை விட மோசம், ஹீட்டரை மாத்திப்போட்டு எகானமி 7 ஐ அப்பிடியே விடுறது. பகல் யூனிட் விலை ஒற்றை விலையை விடக் கூட. குளிர்காலப் பில்லைப் பார்த்துத்தான் விளங்கும்.

இனி உங்கட பழைய ஸ்டோரேஜ் ஹீட்டர். பின்னேரம் ஆறிப்போறதுக்கு நான்கு காரணம் இருக்கலாம்.

ஒன்று, அவுட்புட் திருகு. அது உள்ளே உள்ள மடலைத் திறக்கும். இரவிலும் திறந்தே கிடந்தால் சார்ஜ் ஆகும்போதே சூடு வெளியே போயிடும், விடியக் கொதிக்கும், பின்னேரம் ஒன்றுமில்லை. படுக்கப் போகும்போது திருகை 1 என்ற இலக்கத்தில் வையுங்கோ. பின்னேரம் நாலு ஐந்து மணிக்குத்தான் கூட்டுங்கோ. இன்புட் திருகு (இரவில் எவ்வளவு சூடு ஏத்துறது என்று வைக்கிறது) அடுத்த நாள் குளிருக்கு ஏத்த மாதிரி, முதல் நாள் இரவே வைக்க வேணும்.

இரண்டு, எலெமென்ட் (சூடாகிற கம்பி) எரிஞ்சு போயிருக்கும். பழைய பெட்டிகளில் ஒவ்வொன்றும் 850 வாட். 1.7 கிலோவாட் பெட்டியில் இரண்டு, 2.55இல் மூன்று, 3.4இல் நாலு. ஒன்று போனாலும் மற்றது சூடாகிறபடியால் ஆட்களுக்குத் தெரியாது. கரன்டை இரண்டு போர்டிலும் நிப்பாட்டி, எலெமென்டைத் தனியாக்கி மீட்டரால் அளந்தால் 62 முதல் 68 ஓம் காட்ட வேணும். ஒன்றுமே காட்டாட்டில் அது அறுந்து போச்சு. புது எலெமென்ட் மலிவு.

மூன்று, மேலே உடுப்புக் காயப்போடுறது. உள்ளே உள்ள பாதுகாப்புக் கட்-அவுட் சூடு மிஞ்சி அடிக்கும். சிலதில் கையால் ரீசெட் பண்ண வேணும், பண்ணாட்டில் அடுத்த இரவு சார்ஜே ஆகாது.

நாலு, நேரம். கன இடங்களில் இரவு 12:30 முதல் காலை 7:30. ஆனால் பிரதேசத்துக்கும் கம்பெனிக்கும் மாறும். பழைய மீட்டர் கோடைகால நேரத்துக்கு மாறாது, அப்ப 1:30 முதல் 8:30 ஆகிடும். வானொலி சிக்னலில் மாறுற பழைய மீட்டர்களை 2025 ஜூன் 30 முதல் படிப்படியா நிப்பாட்டத் தொடங்கினவை. உங்கடது அந்த வகை என்றால் உடனே ஸ்மார்ட் மீட்டருக்கு எழுதிப் போடுங்கோ. இல்லாட்டில் ஹீட்டர் பகல் விலையில் சார்ஜ் ஆகலாம், ஆகாமலே விடலாம்.

எலெமென்ட் எல்லாம் சரி, பழக்கமும் சரி, அப்பவும் ஆறுது என்றால் புது வகை ஸ்டோரேஜ் போடலாம். இன்சுலேஷன் தடிப்பு, உள்ளே ஃபேன், தெர்மோஸ்டாட், டைமர். சூடு வேண்டிய நேரத்தில்தான் ஃபேன் ஓடும். ஹாலுக்கு ஒன்று போதும். 3.3 கிலோவாட் பெட்டி ஏழு மணித்தியாலத்தில் 23 யூனிட் ஏத்தும்.

போடும்போது கவனிக்க வேண்டியது:

அதுக்கு இரண்டு வழி வேணும். ஒன்று இரவுக் கரன்ட், மற்றது ஃபேனுக்கும் கண்ட்ரோலுக்கும் 24 மணி நேரக் கரன்ட். பழைய பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு சுவிட்ச் மட்டும் இருந்தால் புது வயர் இழுக்க வேணும். கிட்ட இருக்கிற சொக்கெட்டில் இருந்து ஃபியூஸ் ஸ்பர் (ஃபியூஸ் வைச்ச கிளை இணைப்பு) எடுக்கலாம். ஆனால் இரண்டு வழியும் ஒரே நேரத்தில் நிக்கிற மாதிரி சுவிட்ச் போட வேணும், அடுத்த ஆள் ஒன்றை நிப்பாட்டிவிட்டுக் கை வைப்பான்.

பெரிய பெட்டி கல்லோட 150 கிலோவை நெருங்கும். கல்லை ஒவ்வொன்றாத்தான் அடுக்கிறது. கார்பெட் ஓரத்தில் ஆணிப் பலகை இருக்கும், அதில கால் ஏறி நின்றால் முன்னுக்குச் சரியும், அந்தத் துண்டை வெட்டி எடுங்கோ. பிளாஸ்டர்போர்ட் சுவர் என்றால் உள்ளே மரச்சட்டம் எங்க என்று பார்த்து அதில திருகுங்கோ.

பழசைக் கழட்ட இரண்டு நாள் முதலே நிப்பாட்டி வையுங்கோ, கல்லுக்குள்ள சூடு லேசில போகாது. 1970களின் நடுப்பகுதிக்கு முந்தின பெட்டி என்றால் அஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், கை வைக்காதேங்கோ. உங்கட கட்டடம் 80கள் என்றபடியால் பெரும்பாலும் பிரச்சினை இல்லை.

கோடை முழுக்கக் கிடந்த பெட்டி ஒக்டோபரில் ஆர்சிடியை (கரன்ட் கசிந்தால் நிப்பாட்டுற பாதுகாப்பு சுவிட்ச்) அடிக்கிறது வழக்கம். எலெமென்டுக்குள்ள இருக்கிற வெள்ளைத் தூள் ஈரத்தை இழுக்கும். அதைப் பார்த்துப் பயந்து பெட்டியைத் தூக்கி எறிஞ்ச ஆட்கள் இருக்கினம். எலக்ட்ரீஷியன் இன்சுலேஷன் அளந்து பார்த்து, உலர வைச்சால் கனதரம் சரிவரும்.

---

காற்றுவழி எழுதியது:

ஒரு யூனிட்டுக்கு ஒரு யூனிட் என்ற கணக்குக்கு வெளியே நிற்பது வெப்பப் பம்பு ஒன்றுதான். அதைப் பற்றி யாரும் பேசவில்லையே. நம் ஊரில் ஏசி என்று சுவரில் மாட்டுகிறோமே, அதையே திருப்பி ஓட்டுவது. வெளிக்காற்றின் சூட்டை உள்ளே இழுத்துப் போடுவதால் ஒரு யூனிட் கரன்டுக்கு லண்டன் குளிரில் மூன்று யூனிட் சூடு எதிர்பார்க்கலாம். ஹாலுக்கு 2.5 கிலோவாட் சிறிய ஸ்பிளிட் போதும்.

சிக்கல் இயந்திரத்தில் இல்லை, சுவரில். லீஸ்ஹோல்ட் பிளாட்டில் வெளிச்சுவர் பெரும்பாலும் ஃப்ரீஹோல்டருக்கு (கட்டடத்தின் மூல உரிமையாளர்) சொந்தம். எழுத்தில் அனுமதி வேண்டும், பிளானிங் அனுமதி தேவையா என்று கவுன்சிலிலும் கேட்க வேண்டும். பால்கனி தரையில் வைப்பதற்கு அனுமதி கிடைப்பது சுலபம், தெருப்பக்கச் சுவருக்குக் கடினம். மூன்றாம் மாடிச் சுவரில் மாட்டினால் பிற்பாடு சர்வீஸுக்கு ஏணி எட்டாது, சாரம் கட்ட வேண்டும். அந்தச் செலவை யாரும் முதலில் சொல்வதில்லை. குளிர்காலத்தில் வெளிப்பெட்டி பனியை உருக்கித் தண்ணீர் விடும், அது கீழ்வீட்டு ஜன்னலில் சொட்டாமல் குழாய் வேண்டும். பம்புக்குள் ஓடும் குளிரூட்டிக் கேஸை நிரப்புவது அதற்கான எஃப்-கேஸ் சான்றிதழ் உள்ளவர் மட்டும்.

வெளிப்பெட்டியே இல்லாமல் சுவரில் இரண்டு வட்டத் துளை போட்டு மாட்டும் வகையும் உண்டு. அனுமதி கொஞ்சம் எளிது. ஆனால் கம்ப்ரெசர் அறைக்குள்ளேயே இருப்பதால் சத்தம் அதிகம், மூன்று மடங்கும் கிடைக்காது. வீட்டிலிருந்து வேலை செய்பவருக்கு மேசைப் பக்கத்தில் அது வேண்டாம்.

---

குளிர்க்கணக்கு மீண்டும்:

மூன்றையும் பணத்தில் வைத்துப் பார்க்கலாம். ஒற்றை விலை 26 பென்ஸ், எகானமி 7 பகல் 31, இரவு 15 என்று வைக்கிறேன். உங்கள் பில்லில் உள்ள எண்ணைப் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.

டிகிரிக்கு 70 வாட், லண்டனுக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 1,900 டிகிரி-நாள் (வெளியே எத்தனை டிகிரி குறைவு என்பதை நாள்தோறும் கூட்டிய அளவு). 70 × 24 × 1,900 ÷ 1,000 = சுமார் 3,200 யூனிட் சூடு. வெந்நீருக்கு 1,500, சமையல், விளக்கு, ஃப்ரிட்ஜுக்கு 1,500 என்று எடுத்துக்கொள்கிறேன்.

ஒற்றை விலையில் எல்லாம் பேனல் (அல்லது செராமிக், இரண்டும் ஒன்றுதான்): 6,200 × 26 பென்ஸ் = 1,612 பவுண்டு.

எகானமி 7, புது ஸ்டோரேஜ்: வேண்டாத நேரத்தில் கசிவது 10 சதவீதம் சேர்த்துச் சூட்டுக்கு 3,500. அதில் 85 சதவீதம் இரவு. 446 + 163 = 609. வெந்நீர் முழுதும் இரவில், 225. மற்றவை பகலில், 465. ஆக 1,299.

ஹாலில் வெப்பப் பம்பு, மற்ற இடங்களில் பேனல், ஒற்றை விலை: சூட்டில் முக்கால் பங்கைப் பம்பே தரும் என்று வைத்தால் 2,400 யூனிட் சூட்டுக்கு 800 கரன்ட், மீதி 800 நேரடி. அது 416. வெந்நீரும் மற்றவையும் 780. ஆக 1,196.

ஸ்டோரேஜுக்கும் பம்புக்கும் இடையே ஆண்டுக்கு 100 பவுண்டுதான் வித்தியாசம். இரவு வெந்நீர் அந்த இடைவெளியைச் சுருக்கிவிடுகிறது. ஃப்ரீஹோல்டருடன் ஒரு வருஷம் கடிதப் போக்குவரத்து நடத்தும் பொறுமை இருந்தால் பம்பு. கோடையில் குளிர்விக்கவும் அது உதவும், மேல்மாடிகளில் அது சின்ன விஷயமில்லை. பொறுமை இல்லையென்றால் ஸ்டோரேஜ். 4,500 பவுண்டு செராமிக் மூன்றிலும் கடைசி, ஆண்டுக்கு 300 பவுண்டு அதிகம் கட்டுவதற்கு முன்பணம் கொடுக்கும் கதை.

எகானமி 7 தாங்குமா என்று பார்க்கச் சுருக்கு வழி: இந்த விலைகளில் இரவுப் பங்கு 31 சதவீதத்தைத் தாண்டினால் லாபம். மேலே சொன்ன ஏற்பாட்டில் அது கிட்டத்தட்ட 70.

---

க்ராய்டன்_3ம்மாடி:

மிக்க நன்றி. ஹால் ஹீட்டரில் அவுட்புட் எப்போதும் 6இல் இருந்திருக்கிறது. தட்டில் 2.55 கிலோவாட் என்று எழுதியிருக்கிறது. இரண்டு கேள்வி மிச்சம். குளியலறைக்கு என்ன போடுவது? வெந்நீர் இரவில் மட்டும் போட்டால் மாலைக்குத் தாங்குமா?

---

ஃபியூஸ்போர்ட்:

2.55 என்றால் முழுச் சார்ஜ் 17.8 யூனிட். உங்கட ஹாலுக்கு டிகிரிக்கு 38 வாட். வெளியே பூச்சியம் டிகிரி, உள்ளே 20 என்றாலும் நாள் முழுக்க 18 யூனிட்தான். சமையல், ஆட்கள், ரீவி தாற சூட்டையும் சேர்த்தால் இந்தப் பெட்டியே காணும். இப்ப ஒன்றும் வாங்காதேங்கோ. இரண்டு கிழமை திருகைச் சரியா வைச்சுப் பாருங்கோ, எலெமென்டை அளவுங்கோ. நடையில் இருக்கிற பெட்டி தேவையில்லை, இன்புட்டை ஆகக் குறைச்சு விடுங்கோ.

குளியலறைக்கு பிளக் வைச்ச ஹீட்டர் கொண்டுபோகவே கூடாது. சுவரில் உயரத்தில் கயிறு இழுத்துப் போடுற ஃபேன் ஹீட்டர் அல்லது ஐபிஎக்ஸ்4 (தண்ணி தெறித்தாலும் தாங்குற) இன்ஃப்ராரெட் பேனல் 300, 400 வாட். குளியல் தொட்டி விளிம்பில் இருந்து 60 சென்டிமீட்டருக்கு அங்கால, வயர் ஃபியூஸ் ஸ்பருக்கு, ஸ்பர் குளியலறைக்கு வெளியில. 24 மணி நேரப் போர்டில இருந்து எடுங்கோ, 30 மில்லி ஆம்ப் ஆர்சிடி கட்டாயம். புதுச் சேர்க்கிட் இழுத்தால் இங்கிலாந்தில் பார்ட் பி என்ற மின்பாதுகாப்புக் கட்டட விதிப்படி அறிவிக்க வேணும். பதிவு பெற்ற ஆள் செய்தால் சான்றிதழ் வீட்டுக்கு வரும், வீடு விற்கேக்க வக்கீல் கேட்பார்.

சிலிண்டரில் கீழ் இம்மர்ஷன் இரவுப் போர்டில, மேலது பகல் போர்டில இருக்கும். 120 லீட்டரை 15இல் இருந்து 60 டிகிரிக்கு ஏத்த 6.3 யூனிட், 3 கிலோவாட்டில் இரண்டு மணித்தியாலம் கொஞ்சம் மேல. ஏழு மணித்தியாலம் தாராளம். இரண்டு பேருக்குப் பின்னேரமும் காணும், சிலிண்டரைச் சுத்தி இன்சுலேஷன் நல்லா இருந்தால். பழைய சிவப்பு ஜாக்கெட் என்றால் 80 மில்லிமீட்டர் தடிப்பில் புதுசு ஒன்று கட்டுங்கோ. தெர்மோஸ்டாட்டை 60க்குக் கீழ விடாதேங்கோ, லெஜியொனெல்லாக் கிருமி வளரும். லண்டன் தண்ணியில் சுண்ணாம்பு கூட, இரண்டு மணித்தியால வேலைக்கு நாலு எடுக்கத் தொடங்கினால் கீழ் எலெமென்டில் சுண்ணாம்பு பிடிச்சிருக்கு. மேல் இம்மர்ஷன் சுவிட்சை நிப்பாட்டியே வையுங்கோ. கன வீடுகளில் அது மறந்துபோய் எரிஞ்சுகொண்டிருக்கும், பகல் விலையில.